அடிக்கட்டையில் எழுதி வாங்கிய பெயர்கள்

கண்ணு, உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பெற்றோர் ஆசிரியர் கழகத் தேர்தலை உன் தலையில் கட்டிவிட்டார் உங்கள் தலைமையாசிரியர். புதுசாக வந்தவர், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று சொல்லியிருக்கிறார். எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தண்ணீரும் பச்சையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ என்னடாவென்றால், எங்கம்மா ஒரு தேர்தல் கமிஷனர் என்று அங்கே எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு, நம்ம ஊரில் நீ நடத்தியதைப் போலவே நடத்தப் போகிறேன், எப்படி நடத்தினாய் என்று ஒன்று விடாமல் எழுது என்கிறாய். போனில் சொல்லிவிடலாம் என்று எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று திரும்பிவிட்டேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்த பிறகு அந்தக் கமிஷனர் பட்டத்தை நீயே பிடுங்கிக்கொள்வாய்.

நீ எட்டாவது படித்த வருஷம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தாய். காக்காய் எச்சம் விழாத சட்டையோடு நீ வீட்டுக்கு வந்த நாளே இல்லை. இடம் இல்லாமல் அல்ல. சர்க்கார் கட்டிக்கொடுத்த புதுக் கட்டிடத்தில் கடைசி இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன, உள்ளே கழகத் தலைவருடைய நூல் மூட்டைகள் இருந்தன. அவரைப் பெரிய குடோன்காரர் என்றுதான் ஊரில் சொல்வோம். நாலு தறிக்குடோன், அதையொட்டி வரிசையாக லைன் வீடுகள். நம் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அப்பனும் ஆத்தாளும் அவர் தறியை ஓட்டுவார்கள், அவர் வீட்டில் குடியிருப்பார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் கோயமுத்தூரில் கான்வென்ட்டில் படித்தார்கள். தம்பி மகன் ஒருவன் இங்கே ஆறாவதில் இருந்தான், அவனுக்குப் பாதுகாவலர் என்று சொல்லிக்கொண்டு ஆறு வருஷமாகத் தலைவராக இருந்தார். கொடிக்கம்பமும் மைக் செட்டும் வாங்கிக் கொடுத்தார், இல்லையென்று சொல்லவில்லை. அந்த மைக்கில் அவரே பேசுவார்.

ஒவ்வொரு வருஷமும் தேர்தல் என்பது ஒரு நிமிஷக் காரியம். தலைமையாசிரியர் அவர் பெயரைப் படிப்பார், சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார். அவருடைய குடோன் மேஸ்திரி பின்னால் சுவரோரம் நின்று கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். தூக்காமல் யார் இருப்பார்கள்? அந்த வருஷம் யூனிபார்ம் தைக்கிற காதர் பாய் எழுந்து, நானும் நிற்கிறேன் என்றார். பள்ளிவாசல் வீதியில் சொந்தக் கடை, சொந்த மிஷின், யாருக்கும் பதில் சொல்லவேண்டாதவர். பூட்டிய இரண்டு அறைகளும் மூன்று மாதத்துக்குள் திறக்கப்படும், அது மட்டும்தான் என் வாக்குறுதி என்றார். தலைமையாசிரியர் திணறிக்கொண்டே, சரி, கையைத் தூக்குங்கள் என்று ஆரம்பித்தபோது எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கை தூக்கச் சொல்வதற்குப் பெயர் தேர்தல் இல்லைங்க, சீட்டுப் போடச் சொல்லுங்கள் என்று எழுந்து சொல்லிவிட்டேன். உன் சட்டையைத் துவைத்துத் துவைத்து வந்த கோபமாகவும் இருக்கலாம். பெரிய குடோன்காரர் திரும்பி என்னைப் பார்த்து, அம்மணி சொல்றதும் நியாயந்தானுங்க என்று சிரித்தார். அப்படியே என்னையே நடத்தச் சொல்லிவிட்டார்கள்.

நான் எதற்குத் தோதானவள் என்று நினைத்தார்களோ அதற்குத் தோதானவள்தான். தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் பதினான்கு வருஷம் டிக்கெட் கிழித்திருந்தேன். கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரியும், கள்ள டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தே சொல்லத் தெரியும். அதுதான் என் கெட்ட நேரம். கள்ள ஓட்டு ஒன்றுகூட விழக்கூடாது என்பதே என் மண்டைக்குள் ஓடியது. எங்கள் தியேட்டருக்கு டிக்கெட் அடித்துக் கொடுக்கிற அச்சகத்துக்கே போனேன். பெஞ்ச் டிக்கெட்டுக்கு வாங்கிய ரோஸ் தாள் மிச்சம் இருந்தது. அதில் காதர் பாய்க்குக் கத்தரிக்கோல், குடோன்காரருக்குத் தறியில் இழையைக் குறுக்கே ஓட்டுகிற நாடா என்று இரண்டு படம் போட்டு, புத்தகமாகத் தைத்து வாங்கினேன். தியேட்டர் டிக்கெட்டைப் போலவே ஓட்டுச் சீட்டில் ஒரு நம்பர், கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் தங்குகிற அடிக்கட்டையிலும் அதே நம்பர். சீட்டு வாங்குகிறவர் அடிக்கட்டையில் பெயரெழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போடவேண்டும். வெளியே அடித்த சீட்டு ஒன்று பெட்டிக்குள் வந்தால் நம்பரை வைத்துப் பிடித்துவிடலாம், ஒருவரே இரண்டு தடவை வந்தாலும் பிடித்துவிடலாம். அச்சகத்துக்காரர் பார்த்துவிட்டு, பிசிறில்லாத வேலைங்க என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அன்று தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சரியாகச் செய்ததையும் சொல்லவேண்டும், உனக்கு உபயோகப்படும். தேர்தல் நாளைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதி அனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னேன், தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தேன், அந்த ஒரு நேரம்தான் தறி நிற்கும். ஆசிரியர்கள் யாரும் ஓட்டுப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் முகத்தைப் பார்த்தால் பெற்றவர்கள் பாதிப் பேருக்குக் கை நடுங்குகிறது, இது நீ இனிமேல் ஞாபகத்தில் வைக்கவேண்டிய சங்கதி. கரும்பலகை இரண்டைச் சாய்த்து மறைப்புக் கட்டினேன். மேஸ்திரி உள்ளே வந்தபோது, உங்கள் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டேன், பிள்ளை இல்லை என்றான், அப்படியானால் வெளியே இருங்கள் என்றேன். எல்லார் முன்னாலும் எண்ணினேன், ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி எண்ணினேன். இவ்வளவையும் செய்தவள்தான் அந்த நம்பரையும் போட்டேன்.

வரிசையில் ராசாத்தி நின்றாள். வேப்பமரத்தடியில் உன் பக்கத்தில் உட்கார்ந்த சேகரின் அம்மா. அவளும் அவள் புருஷனும் குடோன்காரரின் மூன்றாம் நம்பர் குடோனில் தறி ஓட்டினார்கள். அவளுக்குப் பின்னால் அவளுடைய நாத்தனார் மரகதம் நின்றாள், புருஷனோடு கூடப் பிறந்தவள், அதே குடோனில் நூல் சுற்றுகிறவள், பக்கத்து லைன் வீடு. இரண்டு பேரும் அண்ணியும் நாத்தனாரும் மாதிரியே இருக்கமாட்டார்கள், ஒருத்தி தலையை இன்னொருத்தி வாரிவிடுவாள். ராசாத்தி அடிக்கட்டையில் கட்டைவிரலை வைத்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். அப்புறம் குனிந்து, "அம்மணி, நான் எதுக்குப் போட்டேன்னு வெளிய தெரியாதுங்களே?" என்று கேட்டாள். "ஒருத்தருக்கும் தெரியாது ராசாத்தி, நான் பொறுப்பு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மறைப்புக்குள் போனாள். மரகதமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை, கண்ணு. அவள் கைநாட்டும் அவள் சீட்டின் நம்பரும் என் கையிலேயே இருந்தன, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அப்படியும் எனக்கு உறைக்கவில்லை.

பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் காதர் பாய் ஜெயித்தார். கள்ளச் சீட்டு ஒன்றுகூட இல்லை, நம்பர் ஒன்றுகூடக் குறையவில்லை. குடோன்காரர் எழுந்து வந்து காதர் பாய் தோளைத் தட்டிக்கொடுத்தார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு மேட்னி ஷோவுக்குக் கவுண்டர் திறக்கவேண்டும், நேரம் ஆகிவிட்டது. சீட்டுகளையும் அடிக்கட்டைப் புத்தகங்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி, தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர், உங்களிடமே இருக்கட்டும் அம்மா, பள்ளியில் வைத்தால் என் மேல் பழி வரும் என்று கையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்கு மேல் வைத்தேன். அன்றைக்குத் தியேட்டரில் எத்தனை பேர் என்னை வாழ்த்தினார்கள் தெரியுமா? உங்கப்பா படம் ஓட்டுகிற மிஷின் ரூமிலிருந்து இறங்கி வந்து, கமிஷனர் அம்மா, எனக்கு ஒரு டீ கிடைக்குமா என்றார். அந்தப் பட்டம் அவர் கொடுத்தது. அவர் போய் மூன்று வருஷமாகிறது, நடந்ததை அவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நீ பள்ளிக்கூடம் போனபிறகு குடோன்காரர் நம் வீட்டுக்கு வந்தார். தனியாக, நடந்தே வந்தார். அவ்வளவு பெரிய மனுஷன் நம் வீட்டு ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கோயமுத்தூரில்கூட இப்படி ஒரு தேர்தலைப் பார்த்ததில்லை என்றார். உன் படிப்பைப் பற்றி விசாரித்தார். அப்புறம்தான் கேட்டார். "ஏனுங்க அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. தோத்தவன் ஒருக்கா எண்ணிப் பார்த்தா மனசு ஆறிப் போகுமுங்க. அந்த டின்னக் குடுத்தீங்கன்னா, பார்த்துப்போட்டு ரெண்டு நாள்ல நானே கொண்டாந்து தாரேனுங்க." அதட்டவில்லை, மிரட்டவில்லை, எதையும் நீட்டவில்லை. பயந்து கொடுத்திருந்தால்கூட ஒரு சமாதானம் இருக்கும். நான் பெருமைக்குக் கொடுத்தேன். எடுத்துப் பார்க்கட்டும், என் கணக்கில் ஒரு நம்பர்கூடத் தப்பு கண்டுபிடிக்கமுடியாது, அதை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று நினைத்தேன். நாற்காலி மேல் ஏறி டின்னை எடுத்து, சாவியையும் சேர்த்து, இரண்டு கையாலும் கொடுத்தேன்.

சொன்னபடி இரண்டாம் நாள் திரும்பி வந்தது. எல்லாம் சரியாக இருக்குதுங்க, தங்கமான வேலைங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தேன். நான் எண்ணி முடித்த அவசரத்தில் அள்ளிப் போட்ட சீட்டுகள் இப்போது நூல் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. கத்தரிக்கோல் சீட்டுகள் தனிக்கட்டு, ஒன்று, நான்கு, ஏழு என்று நம்பர் வரிசையில் அடுக்கியிருந்தது. அந்த நம்பர்களுக்கு அடிக்கட்டையைப் புரட்டினால் போதும், பெயரும் கைநாட்டும் வந்துவிடும். எனக்குப் புரிந்துவிட்டது, கண்ணு. புரியவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், புரிந்துவிட்டது. அன்றைக்கே லைன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் சேர்ந்து ஏதாவது செய்திருப்பார்கள், காதர் பாய் கூட நின்றிருப்பார், யூனியன்காரர்களைக் கூப்பிட்டிருக்கலாம். நான் போகவில்லை, டின்னில் இருந்ததையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்தேன். எரிக்கவேண்டிய நாளைக்கு மூன்று நாள் தள்ளி எரித்தேன்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஆர்டர் இல்லை, மூன்றாம் நம்பர் குடோனில் எட்டுத் தறியை நிறுத்துகிறோம் என்று ஒரு வாரம். லைன் வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டும், காலி பண்ணிக்கொடுங்கள் என்று அடுத்த வாரம். ஒருத்தர் மேலும் குரல் உயரவில்லை. மேஸ்திரி வீட்டு வாசலில் நின்று, கோவிச்சுக்காதீங்க, மொதலாளி சொல்லிப்போட்டாருங்க என்று சொல்லுவானாம். கத்தரிக்கோலுக்குப் போட்டவர்களில் அவர் குடோனில் இருந்தவர்கள் பதினோரு குடும்பம். பதினோரு குடும்பமும் போனது, பன்னிரண்டாவதாக ஒன்று தவறிக்கூடப் போகவில்லை. பல்லடத்தில் மற்ற குடோன்களில் கேட்டால், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். பிள்ளைகள் டி.சி. வாங்க வரிசையாக நின்றன. காதர் பாய் குடோன்காரர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார், நான் பதவியை விட்டுவிடுகிறேன், அவர்களை விடுங்கள் என்றாராம். அதற்கும் இதற்கும் என்னங்க சம்பந்தம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார். டின் உங்களிடம்தானே அம்மா இருந்தது என்று கேட்டார். ஆமாம், பூட்டித்தான் இருந்தது என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு, அப்ப யாரோ உள்ளாளுதான் சொல்லியிருக்காங்க என்றார்.

நீ வந்து சேகர் ஏன் போகிறான் என்று அழுதாய். அவன் அப்பன் குடிகாரன், வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை, அதனால் துரத்திவிட்டார்கள் என்றேன். அந்த மனுஷன் குடித்து நான் பார்த்ததே இல்லை. நீ அதை நம்பினாய், சேகர் சொல்லிக்கொள்ள வந்தபோது நீ வெளியே வரவில்லை. போன வருஷம்கூட ஏதோ பேச்சில், குடியால் கெட்ட குடும்பத்துக்கு உதாரணமாக அவர்களைச் சொன்னாய், நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தேன். அந்தப் பேச்சை உன் வாயில் போட்டது நான்.

காதர் பாய் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மூன்று மாதத்துக்குள் நூல் மூட்டைகள் வெளியே போயின, அறைகளுக்கு வெள்ளையடித்து ஒரு திங்கட்கிழமை திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தார்கள். இரண்டு அறை எதற்கு, ஒன்றே போதும் என்று ஒரு வாத்தியார் சொன்னது காதில் விழுந்தது. இருந்த பிள்ளைகள் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டார்கள். ஓட்டுப் போட்டுத் திறக்கவைத்தவர்களின் பிள்ளைகளில் பலர் ஊரில் இல்லை. நான் சுண்டலைத் தின்றுவிட்டு வந்தேன்.

நம்பர் சர்க்கார் தேர்தலிலும் உண்டே என்று நீ வாதம் பண்ணுவாய், உன் புத்தி எனக்குத் தெரியும். உண்டுதான். அங்கே எண்ணி முடித்ததும் சாக்கில் கட்டி, அரக்கு வைத்து, போலீஸ் காவலில் பூட்டுகிறார்கள். பிறகும் கோர்ட்டு சொல்லாமல் பிரிக்க முடியாது. உன்னிடம் என்ன இருக்கிறது? ஒரு பிஸ்கட் டின்னும், மரியாதையாகக் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத வாயும். அதனால் சீட்டில் நம்பர் வேண்டாம். பின்பக்கம் தலைமையாசிரியர் முத்திரையும் உன் கையெழுத்தும் போதும், கள்ளச் சீட்டு வராது. வந்தவர் பெயரைத் தனி நோட்டில் டிக் அடித்துக்கொள், சீட்டுக்கும் அந்த நோட்டுக்கும் நடுவில் ஒரு ஒட்டும் இருக்கக்கூடாது. சீட்டைக் கிழித்துக் கிழித்து வரிசையாகக் கொடுக்காதே, மொத்தமாகக் கலைத்து வைத்துக் கொடு. எண்ணி முடித்து, ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்று எழுதி வாங்கியதும் அந்த இடத்திலேயே எல்லார் கண் முன்னாலும் எரித்துவிடு. யாராவது உன் வீடு தேடி வந்து உன்னைப் புகழ்ந்தால், அவர் எதற்கு வந்தார் என்று முதலில் கேள். உட்காரச் சொல்வதெல்லாம் அப்புறம்.

இதை மட்டும் எழுதி முடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ராசாத்தியைப் பார்த்தேன். அன்னூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறார்களாம். புருஷனுக்கு நெஞ்சில் சளி, விடாத இருமல், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்திருந்தாள். அவர் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், வேண்டாம் என்றேன். நல்லா இருக்கீங்களா அம்மணி, கண்ணு என்ன படிக்குது என்று கேட்டாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அது ஏன் என்று யோசிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "நீங்க பொறுப்புன்னு சொன்னீங்க, அப்படித்தானுங்க நடத்துனீங்க. எனக்குப் பின்னால நின்னாளே எங்க நாத்தி, அவதான் மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போட்டா. அவ ஊடு மட்டும் எப்படிங்க தப்பிச்சுது?"

மரகதம் வீடு ஏன் தப்பித்தது என்று எனக்குத் தெரியும். அவள் குடோன்காரரின் நாடாவுக்குப் போட்டிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்து போட்டிருப்பாள், அவளைக் குற்றம் சொல்ல நான் யார். ஊரை விட்டுப் போனதிலிருந்து ராசாத்திக்கு நாத்தனாரோடு பேச்சில்லை, அண்ணனும் தங்கச்சியும் பேச்சில்லை, மரகதத்தின் பெரிய பெண் கல்யாணத்துக்குக்கூட இவர்கள் போகவில்லை என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஸ் கிளம்புகிறது என்று கண்டக்டர் கூப்பிட்டார். அவள் புருஷனுக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன். முதல் தப்பை யோசிக்காமல் செய்தேன், கண்ணு. இதை முழு அறிவோடு செய்தேன்.

உன் கடிதத்தில் எங்கம்மா நடத்தியதைப் போலவே என்று படித்த பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு லீவு சொல்லிவிட்டு மரகதம் வீட்டுக்குப் போனேன். இன்னும் அதே லைன் வீடுதான். அவள் உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், வாங்க அம்மணி என்று எழுந்து பாயை விரித்தாள். நான் உட்காராமலே சொன்னேன். நம்பர் போட்டதை, டின்னைக் கொடுத்ததை, கட்டு வரிசையாக இருந்ததை, காந்திபுரத்தில் வாயை மூடிக்கொண்டதை, எல்லாம் சொன்னேன். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, ராசாத்தியிடம் நானே போய்ச் சொல்கிறேன், உன் அண்ணனிடமும் சொல்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமையே போகலாம், நீயும் வா என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கையில் இருந்த பூண்டைத் தட்டில் போட்டாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"எங்கண்ணன் போன மாசம் செத்துப்போச்சுங்க. சேதி வந்துச்சு, நான் கெளம்பிப் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போனனுங்க. வாசல்ல ஏறாதேன்னு எங்கண்ணி சொல்லிப்போட்டாங்கன்னா எம்பட மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு திரும்பி வந்துட்டனுங்க. நீங்க ஞாயித்துக்கெழம போய்ச் சொல்லுங்க. அண்ணி கேட்டுக்குவாங்க. எங்கண்ணன் கேக்காதுங்களே."

ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் போகிறேன். மரகதம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அம்மா